பிரிசில்லாவின் முதல் வரி

வியாழக்கிழமை என்றாலே பிரிசில்லாவுக்குப் பயம். போன வியாழன்தான் நர்சிங் கல்லூரி வகுப்பில் செமினார் எடுக்க எழுந்தவள், முதல் வரியிலேயே நின்றுபோனாள். "சர்க்கரை நோயாளி தினமும் இரண்டு பாதங்களையும்..." அவ்வளவுதான். அதற்குமேல் நாக்கு எழவில்லை. அழுதுகொண்டே போய் உட்கார்ந்தாள்.

இந்த வியாழனும் சொதப்பினால் வார்டுக்கு அனுப்பமாட்டார்கள். கூட்டாளிகள் எல்லாம் வெள்ளை உடுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இவள் மட்டும் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு மறுபடி பெஞ்சில் உட்கார வேண்டும். நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

தங்கபுஷ்பம் மிஸ்ஸிடம் போய் நின்றாள். அவர்தான் மார்க் போடுகிறவர். வயது முப்பத்தைந்துகூட இருக்காது, அதிகம் பேசமாட்டார். சீனி போடாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், பயம் போக என்ன செய்யணும்?"

"யாருக்குச் சொல்லப் போற?"

"வகுப்புக்கு, மிஸ்."

"சரி, போ."

இதெல்லாம் ஒரு பதிலா? பிரிசில்லாவுக்கு எரிச்சலாக வந்தது. தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். குளிக்கும்போது, துணி துவைக்கும்போது, மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போது எல்லாம் மனப்பாடம். முதல் வரியிலிருந்து நன்றி வணக்கம் வரை தண்ணி பட்ட பாடாக்கினாள்.

செமினார் முடிந்ததும் இரண்டு பேர் சந்தேகம் கேட்க வேண்டும். யார் கேட்பது, என்ன கேட்பது என்று முந்தின நாளே பேசிவைத்துக்கொள்வது விடுதியில் வழக்கம். நிஷாபானு வெறுங்காலோடு நடக்கலாமா என்று முதலில் கேட்பாள். அடுத்தது உமையாள், நகம் வெட்டுவது பற்றி. இரண்டு பதிலும் அதே வரிசையில் மனப்பாடம் ஆயிற்று.

வியாழன் காலை அவசரமாகச் சார்ட்டை மாட்டினாள். போர்டு பின் டப்பா நழுவி, பின்கள் தரையெங்கும் சிதறின. கண்ணில் பட்டவற்றைப் பொறுக்கினாள். அதற்குள் மிஸ் வந்துவிட்டார். அவருக்கு உட்கார்ந்து கேட்கும் பழக்கம் கிடையாது. ரப்பர் செருப்போடு கரும்பலகைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பிரிசில்லா பின்சுவரில் ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவள் நிற்கவில்லை. நன்றி வணக்கம் சொன்னபோது பாதி உயிர் திரும்பி வந்தது.

உமையாளுக்கு அவளைவிடப் பயம். தன் முறை எதுவென்று மறந்து, முதல் ஆளாக எழுந்து நகத்தை எப்படி வெட்டணும் என்று கேட்டுவிட்டாள்.

"வெறுங்காலோடு நடக்கவே கூடாது," என்றாள் பிரிசில்லா. "வீட்டுக்குள்ளும் செருப்பு அணிய வேண்டும்."

வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, வார்டு போச்சு.

மிஸ் சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் சர்க்கரைதான் பிள்ள. பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே வந்தது. நீ இவ்வளவு நேரம் சொன்னதுல எனக்கு ஒண்ணும் விளங்கல. என் காலைப் பார்த்துச் சொல்லு."

வலது காலைச் செருப்பிலிருந்து உருவி நீட்டினார். பிரிசில்லா தரையில் உட்கார்ந்து குதிகாலைக் கையில் ஏந்தினாள். ரத்தம். கழற்றிய செருப்பைப் பார்த்தாள். அடியில் ஏறிய போர்டு பின் ஒன்று மேலே முனையை நீட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ், வலிக்கலையா?"

"என்னது?" மிஸ் குனிந்து பார்த்தார். அவர் முகமும் மாறிவிட்டது.

அதன்பிறகு பிரிசில்லாவுக்கு வகுப்பு என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. நிஷாபானுவை விரட்டி மருந்துத் தட்டை எடுத்துவரச் சொன்னாள். காயத்தைக் கழுவிக்கொண்டே பேசினாள். இவ்வளவு ரத்தம் வந்தும் மிஸ்ஸுக்குத் தெரியவில்லை, சர்க்கரையில் கால் மரத்துப்போகும், நாமாக இருந்தால் துள்ளியிருப்போம், வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர்கள் இருக்கவே முடியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்றாள். கடைசி பெஞ்சுக்காரிகள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

நடுவில் மிஸ்ஸுக்கும் திட்டு விழுந்தது. "செருப்பு தேய்ஞ்சு அப்பளமா இருக்கு. இதையா போட்டுட்டு நடப்பீங்க? இன்னைக்கே டாக்டரைப் பார்த்து டி.டி. ஊசி போடணும்."

மிஸ் தலையாட்டினார்.

உமையாள் நகத்தைப் பற்றி மறுபடி கேட்டாள். இந்தத் தடவை தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிரிசில்லா மிஸ்ஸின் கட்டைவிரலைப் பிடித்து, நேராக வெட்ட வேண்டும், ஓரத்தைத் தோண்டக் கூடாது என்று காட்டினாள்.

கட்டுப் போட்டு முடித்தாள். அப்போதுதான் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தாள். செருப்பிலிருந்து பின்னைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பின் நான் சிந்தினது, மிஸ்."

"ம்."

"மனப்பாடம் பண்ணினது எல்லாம் வீணாப் போச்சு. நான் வார்டுக்குப் போகலாமா மிஸ்?"

மிஸ் இடது காலைச் செருப்போடு அவள் முன்னால் நீட்டினார்.

"போகலாம். இதையும் பார்த்துட்டுப் போ."