பத்து சென்ட் கரி

மூக்கம்புதூர் மரமில்லில் புத்தியைத் தவிர வேறு எதற்கும் பஞ்சமில்லை. மரத்தூளும் கழிவுக்கட்டையும் மலைபோலக் கிடந்தன. அங்கே வேலை பார்த்த பொன்னுரங்குவுக்கு ஒரே கவலை, கல்யாணம். "பத்து சென்ட் நெலமாச்சும் இல்லாதவனுக்கு என்ர புள்ளையக் குடுக்க மாட்டேன்" என்று நாச்சிமுத்து மாமன் அடித்துச் சொல்லிவிட்டார். பொன்னுரங்குவிடம் இருந்த நிலமெல்லாம் அவன் கால் நக இடுக்கில்தான் இருந்தது.

ஒருநாள் விவசாயக் கல்லூரியிலிருந்து கோகிலவாணி மேடம் வந்தார். "இந்தக் கழிவுக்கட்டையைக் காத்துப் படாமக் கரியாச் சுட்டுக் கொண்டாங்க. அதோட மேற்பரப்புதான் எங்களுக்கு முக்கியம். அதுல என்னென்ன ஒட்டும்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுரங்கும் அவன் கூட்டாளிகள் காரியப்பனும் திருமூர்த்தியும் கட்டைகளை டிரம்மில் அடைத்து மூடினார்கள்.

"உள்ளாற ஏற்கெனவே காத்து இருக்குமேடா?" என்றான் காரியப்பன்.

நியாயமான சந்தேகம். மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் காற்று வெளியே ஓடும்வரை முறத்தால் விசிறினார்கள். மறுபடி மூடித் தீ வைத்ததும் திருமூர்த்தி, "நாம விடற மூச்சும் காத்துதானே?" என்றான். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். காரியப்பன் மயங்கி மரத்தூளில் விழுந்தான். அவனைக் கூப்பிட மற்றவர்களுக்கு மூச்சில்லை.

எப்படியோ கரி வந்துவிட்டது.

"மேடத்துக்கு மேற்பரப்புதானே வேணும்? உள்ள இருக்கறதை எதுக்குச் சுமக்கோணும்?" என்று பொன்னுரங்கு கத்தியால் கரியைச் சுரண்டினான்.

காரியப்பன் அலறினான். "மாப்ளே, அடியில இன்னொரு மேற்பரப்பு இருக்குதுடா!"

"அதையும் சுரண்டு. அரைகொறையாக் குடுத்தா மரியாதையில்லை."

சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தூள்தான் மிஞ்சியது. "உள்ளாற ஒண்ணுமே இல்லை, மொத்தமும் மேற்பரப்புதான்" என்று திருமூர்த்தி தீர்ப்புச் சொன்னான்.

தூளைக் கொண்டுபோய்க் கொடுத்ததில் மேடத்துக்கு அரைக்கிற வேலை மிச்சம். சோதித்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "அருமையான கரிங்க! கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அத்தனை இருக்கு. ஒரு கிராமுக்குள்ள இருக்கற பரப்பை விரிச்சா பத்து சென்ட் வரும். தண்ணியை நல்லாப் பிடிச்சு வெச்சுக்கும்."

பொன்னுரங்குவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஒரு கிராமைப் பொட்டலம் கட்டி வாங்கினான். குளித்து, வேட்டி மாற்றி, நேராக நாச்சிமுத்து வீட்டுக்குப் போனான்.

"மாமா, பத்து சென்ட்டுங்க" என்று பொட்டலத்தைப் பிரித்து வைத்து, மேடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தான்.

நாச்சிமுத்து லேசில் ஏமாறுகிற ஆளா? ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "கரிசல்தான். பருத்தி நல்லா வரும். தண்ணி நிக்குமா?"

"நிக்குமுங்க."

"போறதுக்குத் தடம்?"

"சட்டைப் பாக்கெட்டுலயே இருக்குதுங்க. எந்நேரமும் போலாம்."

"செரி, பொண்ணு உனக்குத்தான். கல்யாணத்துக்கு முன்னால வேலியப் போட்டுரு. என்ர எருமை பொல்லாதது."

கதவோரம் நின்ற மகள் வஞ்சிக்கொடிதான் அந்த வீட்டிலேயே விவரமானவள். பதறிப்போய் ஓடிவந்தாள்.

"வேலி கெடக்குதுங்கப்பா, மொதல்ல ஃபேனை நிறுத்துங்க! என்ர வயலு பறக்குது!"