பல் டாக்டரும் பொந்து மீனும்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று. குமரிக் கடற்கரையின் அந்தச் சின்ன ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு.

குருவின் பெயர் டெல்பின் மேரி. கடலுக்குள் இறங்கி, நகத்தளவு உயிர்களை வீடியோ எடுப்பவர். சீடர் தாணுலிங்கம் நாகர்கோவிலில் முப்பத்தைந்து வருடம் பல் வைத்தியம் பார்த்தவர். கல்யாணம் செய்யாமலே அவருக்கு நாள் போய்விட்டது. அக்கா இருந்தவரை அக்கா துணை. போன ஆடியில் அக்காவும் போனார். அதன் பிறகு அந்த வீட்டில் சத்தம் என்றால் குக்கரின் சத்தம்தான்.

தனிமை தாங்காமல்தான் அவர் கடலுக்கு வந்தார். அதைச் சொல்ல வெட்கம். வீடியோ கற்க வந்ததாகச் சொன்னார்.

முதல் நாள் இரண்டு லென்ஸ்களோடு வந்து நின்றார்.

"ஒண்ணு தூரத்துக்கு, ஒண்ணு கிட்டத்துக்கு. எதுக்கும் ரெண்டும் இருக்கட்டும் டீச்சர்."

"தண்ணிக்குள்ள வச்சு மாத்த முடியாது டாக்டர். தண்ணி புகாம கேமராவைப் பூட்டி வச்சிருக்க கூட்டைத் திறந்தா அது குளிச்சிரும். கரையில எதை மாட்டினியளோ, அன்னைக்கு முழுக்க அதுதான் கண்ணு."

தாணுலிங்கம் கொஞ்ச நேரம் யோசித்தார். கிட்டத்தில் பார்க்கும் மேக்ரோ லென்ஸை மாட்டினார்.

"தூரத்துல எனக்குப் பாக்க ஒண்ணும் இல்ல" என்றார்.

நல்ல மாணவர்தான். கை நடுங்காது. சின்ன இடத்தில் சின்ன வேலை செய்து பழகிய கை அல்லவா? மூச்சை அடக்கிக்கொண்டால் படம் ஆடாது என்று ஒருநாள் தானாகவே ஒரு யுக்தி கண்டுபிடித்தார். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கியவன் மூச்சை அடக்குவது எமனுக்குத் தந்தி அடிப்பது போல. குரு பின்னாலிருந்து அவர் சிலிண்டரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அதோடு அந்த யுக்தி போயிற்று.

மேக்ரோவில் தெளிவாகத் தெரிவது நகத்தின் கனம் அளவுக்குத்தான். மீனின் கண் தெளிந்தால் வால் கலங்கும். வால் தெளிந்தால் கண் கலங்கும். எதைத் தெளிவாகக் காட்டுவது என்று எடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"எதை எடுக்கட்டும் டீச்சர்?"

"எது உங்களை நிக்க வைக்குதோ அதை."

இரண்டாவது வாரத்தில் அவரை ஒரு மீன் நிற்க வைத்தது.

மூன்றாள் ஆழத்தில் ஒரு பாறை. பாறையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அதற்குள் சுண்டுவிரல் நீளம்கூட வராத ஒரு மீன். பெரிய கண், தடித்த உதடு, தலைமேல் இரண்டு மயிர்க்கொம்பு. கேமராவின் முன்கண்ணாடி அருகில் வந்ததும் அது பொந்தைவிட்டுப் பாதி உடம்பு வெளியே வந்தது. வாயை அகலத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

சீடர் அசையாமல் நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தார்.

மறுநாளும் அங்கேதான். அதற்கு மறுநாளும். தனியாக இறங்கக்கூடாது என்பது கடலுக்குள் போகிறவர்களின் சட்டம். அதனால் இரண்டு கை தூரத்தில் குரு பின்னாலேயே மிதந்துகொண்டிருப்பார். சீடர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எடுத்ததை யாருக்கும் காட்டியதும் இல்லை. ஆனால் முகம் மாறியிருந்தது. படகில் ஏறும்போதே அவசரம். பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு அவசரம் இருக்காது.

மீனைப் பார்த்த பதினோராவது நாள், கரைக்கு வந்து உடம்பைத் துவட்டும்போது கேட்டார்.

"டீச்சர், மீனுக்கு ஆளை அடையாளம் தெரியுமா?"

"எதுக்குக் கேக்கியோ?"

"அது என்னைப் பாத்ததும் வெளிய வருது. வாயத் திறந்து என்னமோ சொல்லுது. பதினோரு நாளும் வந்துது. ஒருநாளும் தவறல."

குரு தலையைத் துவட்டத் தொடங்கினார்.

"சிரிக்காதீங்க. முப்பத்தஞ்சு வருஷமா எத்தனையோ பேர் எனக்கு முன்னால வாயத் திறந்திருக்காங்க. ஒருத்தரும் பேசினதில்ல. எப்படிப் பேசுவாங்க? என் கை உள்ள இருக்கும்லா. அக்கா போனதுக்கு அப்புறம் என்கிட்ட வாயத் திறந்து பேசினது இது ஒண்ணுதான். அதுக்கு என்னைத் தெரியுமா? அதை மட்டும் சொல்லுங்க."

டெல்பின் மேரி துண்டைப் பிழிந்து கயிற்றில் போட்டார்.

"பல் பாக்கிற சின்னக் கண்ணாடி உண்டும்லா, குச்சி வச்சது. அது இன்னும் வச்சிருக்கியளா?"

"இருக்கு. எதுக்கு?"

"நாளைக்குக் கேமரா வேண்டாம். அதைக் கொண்டு வாருங்கோ."

மறுநாள் கேமரா இல்லாமல் இறங்கினார்கள். வெறுங்கையோடு சீடர் பாறைக்கு முன்னால் போய் நின்றார். மீன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் காத்திருந்தார். கையை அசைத்துப் பார்த்தார். நெற்றியைப் பொந்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தார். இரண்டு கண்கள் உள்ளிருந்து பார்த்தன. மீன் வெளியே வரவில்லை.

குரு மெல்லக் கை நீட்டி, அந்தக் கண்ணாடியைப் பொந்துக்கு முன்னால் பிடித்தார்.

மீன் உடனே வெளியே வந்தது. வாயை அகலத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. பிறகு கண்ணாடியை முட்டியது.

குரு கண்ணாடியை எடுத்துவிட்டார். மீன் உள்ளே போனது.

சீடர் வெகுநேரம் அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குருதான் தோளைத் தொட்டு மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டினார்.

கரையில் கேமரா கழுவும் அறைக்கு வந்ததும் சீடர் உட்கார்ந்தார்.

"கேமரா முன்கண்ணாடியில தெரிஞ்சது அதோட முகம்."

"ஓம். வேற ஒரு ஆண் மீன் வந்து நிக்குதுன்னு நினைச்சிருக்கு."

"அது பேச்சு இல்ல. கோவம்."

"ஓம்."

"சரி" என்றார் சீடர். "பல்லைக் காட்டுறதுக்கும் சிரிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு. நான்லாம் என்ன பல் டாக்டர்."

அவரே சிரித்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. எடுத்த வீடியோ எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தார்.

"அழிக்கதுக்கு முந்தி ஒருக்கா பாக்கட்டா?" என்றார் குரு.

பார்த்தார்கள். திரை முழுக்க அந்த மீனின் முகம். உதட்டின் சுருக்கம்வரை தெளிவு. முகத்துக்குப் பின்னால் எல்லாம் வெறும் கலங்கல். நன்றாகத்தான் எடுத்திருந்தார். சீடர் ஒன்றைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"இப்ப தள்ளினியளே, அது என்னது?"

"அது வீண். ஃபோகஸ் தவறிப்போச்சு. இப்படி நாலு இருக்கு."

"அந்த நாலையும் போடுங்கோ."

முதலாவது, இரண்டாம் நாள் எடுத்தது. மீனின் முகம் கலங்கியிருந்தது. அதற்கு நகத்தளவு பின்னால், பொந்தின் உள்சுவர் தெளிவாகத் தெரிந்தது. சுவர் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் மணி மணியாக ஏதோ ஒட்டியிருந்தது.

"என்ன இது?"

"முட்டை."

சீடர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"தாய் முட்டைய வச்சிட்டுப் போயிரும் டாக்டர். காவலுக்கு நிக்கிறது அப்பன்தான். வாலால விசிறிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா முட்டை வெளுத்துச் செத்துரும். நண்டு, வேற மீன் எதுவும் வராமப் பாத்துக்கணும். வாசலை விட்டு நகராது."

இரண்டாவது, ஐந்தாம் நாள் எடுத்தது. ஒரு மூலையில் சில மணிகள் வெளுத்திருந்தன. மூன்றாவது, எட்டாம் நாள். வெளுத்த இடம் பெருகியிருந்தது. நடுவில் வெறும் பாறை தெரிந்தது.

நான்காவது, முந்தின நாள் எடுத்தது. மிஞ்சியிருந்த மணிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள். அவை கண்கள். சுவரில் பாதிக்கு மேல் காலி.

வெளியே யாரோ படகு எஞ்சினை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"தினமும் நாப்பது நிமிஷம்" என்றார் சீடர். "நாப்பது நிமிஷம் நான் அதை வெளியிலேயே நிறுத்தி வச்சிருந்தேன்."

குரு ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினார்.

"தெரியாமச் செஞ்சேன் டீச்சர்."

"எனக்கும் தெரியாது. பதினோரு நாளும் நான் உங்க முதுகைத்தான் பாத்துட்டிருந்தேன். எட்டி ஒருக்கா பாத்திருக்கணும். பாக்கல."

சீடரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு அழாத மனிதர். இப்போது அந்தக் காலிச் சுவரைப் பார்த்து அழுதார்.

"மிச்சம் இருக்கிறது?"

"மூணு நாலு நாள்ல பொரிச்சிரும். அதுக்கு எதுவும் ஆகாது. யாரும் போகாம இருந்தா."

அவர் தலையை ஆட்டினார். லேப்டாப்பை மூடினார். எழுந்திருக்கப்போய் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன். மறைக்காமச் சொல்லுங்க. பதினோரு நாள்ல ஒருநாள்கூட அது என்கிட்ட பேசல, இல்லியா?"

டெல்பின் மேரி அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பேசாம என்ன டாக்டர். பதினோரு நாளும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிட்டிருந்துது."

"என்ன வார்த்தை?"

"போ."