நான்காவது புரதம் இல்லாத ஈஸ்ட்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்த ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் பொன்னுத்தாய் அக்கா சொன்னார். அவருக்குப் புரியாத இடங்களை நான் படித்து நிரப்பியிருக்கிறேன்.

இசக்கிராஜ் மூன்றாம் வருட ஆய்வு மாணவன். மறுநாள் காலை அவன் ஆய்வை மதிப்பிடும் கமிட்டி கூடுகிறது. வேலையில் முன்னேற்றம் இல்லையென்றால் பதிவை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

பட்டினி போட்டால் ஈஸ்ட் செல் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பிழைத்துக்கொள்ளும். அதற்கு மூன்று புரதங்கள் சேர்ந்துபோய், ஓரிடத்தில் புள்ளியாகக் கூட வேண்டும். அவற்றில் ஒன்றுக்கு இசக்கிராஜ் பச்சை ஒளி சேர்த்திருந்தான். மூன்று வாரமாகப் புள்ளி வரவில்லை. செல்லுக்குள் இருக்கும் பெரிய பையின் விளிம்பில்தான் ஒளி படர்ந்தது. யாரிடமும் அவன் சொல்லவில்லை.

நெறியாளர் தெய்வயானை அவன் கொண்டுவந்த படத்தைப் பார்த்தார். ஒரே ஒரு செல். அதில் பச்சைப் புள்ளி.

"எத்தனை செல் பாத்தே?"

"இருநூறு மேடம்."

"எத்தனைல புள்ளி?"

அவன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். "இதுல மட்டும்."

"இது புள்ளிதானா?"

"தூசியா இருக்கலாம் மேடம்."

"தூசியக் காட்டவா கமிட்டியக் கூப்பிட்டோம்? அவங்க ரூம்லயே நெறைய இருக்கே."

பொன்னுத்தாய் அக்கா சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை.

"மத்ததுல எல்லாம்?"

"தப்பான எடத்துக்குப் போயிருச்சு மேடம்."

"தப்புன்னு நீ சொல்றே. ஈஸ்ட் எடுத்த குழாயக் கொண்டா."

ஃப்ரீசரிலிருந்து கொண்டுவந்தான். மூடியில் இருந்த உறைபனியை அவர் கட்டைவிரலால் துடைத்தார். 'நான்காவது நீக்கப்பட்டது' என்று பழைய மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். அவனுக்கு வேண்டிய குழாய் ஃப்ரீசர் பெட்டியில் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது; அவன் மாற்றி எடுத்திருந்தான்.

மூன்றையும் புள்ளிக்குக் கூட்டிப்போவது நான்காவது புரதம்தான். அது இல்லாத செல்லில் வேறொரு கூட்டாளி அவற்றைப் பையின் பக்கம் கூட்டிப்போய்விடும்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"செல்லு சரியாத்தான் செஞ்சிருக்கு," என்றார் நெறியாளர். "இருநூறையும் காட்டு. குழாய் மாறினதையும் சொல்லு."

"ரத்து பண்ணிருவாங்க மேடம். மகன் டாக்டர் ஆகப்போறான்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு. லீவுக்குப் போனா, ஊசி போடச் சொல்லி ஆள் வருது."

"பண்ணாலும் பண்ணுவாங்க."

"அவங்க முன்னாடி நான் எப்படி மேடம் தனியா நிப்பேன்?"

தெய்வயானை குழாயை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்.

"அந்த மூணும் எங்கயாச்சும் தனியாப் போச்சா?"

பின்னொரு நாள் கமிட்டியின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதிவு பற்றிய முடிவு ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. பிழையை விளக்கியவர் என்ற இடத்தில் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன.