வெங்காயத் தோணிக்குக் காவல்காரன்

தூத்துக்குடியில லூர்தம்மான்னு ஒரு தோணி இருந்தா. ஒடம்பு மரம்தான், வாய் மட்டும் இரும்பு. வெங்காயம் ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்குப் போவா, வருவா. பத்து வருஷமா ஒரு கொள்ளக்காரனும் அவளத் திரும்பிப் பார்த்ததில்ல. வெங்காயத்தக் கொள்ளையடிச்சு எவன் பெரிய ஆளானான்?

அந்த வருஷம் கடல்ல கொள்ளப் பயம்னு பேச்சு கெளம்புச்சு. தோணி மொதலாளி எங்கிருந்தோ ஒரு துப்பாக்கியக் கொண்டாந்துட்டாரு. தோணி ஓட்டுற தண்டல் கஸ்பாரு என்ன செஞ்சாரு தெரியுமா? புது வீட்டு வாசல்ல திருஷ்டிப் பூசணிக்கா கட்டுவாங்கல்ல, அதே மாதிரி தோணி மூக்குல கயித்தப் போட்டு அதத் தொங்கவிட்டுட்டாரு.

"பாக்குறவன் பயந்து ஓடட்டும்ல"ன்னாரு.

லூர்தம்மாவுக்கு மூக்குத்தி கனத்துச்சு.

"ஏல, நீ யாருல?"

"காவல்காரன். நான் இருக்கேன்ல யக்கா, ஒரு பய கிட்ட வரமாட்டான்."

"பத்து வருஷமா நீ இல்லாமயே எவனும் வரலியே?"

"அது அதிர்ஷ்டம். இது வீரம்."

"வீரமா? நேத்து சாரல்ல துருப்புடிக்குதுன்னு ஒனக்கு எண்ணெ தேச்சு விட்டாங்களே, அந்த வீரமா?"

துப்பாக்கி மொகத்தத் திருப்பிக்கிடுச்சு.

மூணாம் நாள் மத்தியானம் ஒரு விசைப்படகு சீறிக்கிட்டு வந்துச்சு. ஒல்லிப் படகு, பட்டினி கெடந்த மொகம். மேல நாலு ஆளு, நாலு துப்பாக்கி.

"யக்கா, நில்லு!"

"என்னல தம்பி, வெங்காயம் வேணுமா?"

படகு சிரிச்சுச்சு. "யாரு காதுல பூ சுத்துற? இத்தன வருஷம் வெங்காயக்காரிதானேன்னு விட்டுவச்சோம். இப்ப மூக்குல துப்பாக்கில்ல தொங்குது! பூட்டுத் தொங்குனா பொட்டியில நகை இருக்குன்னு அர்த்தம்."

லூர்தம்மாவுக்குச் சுருக்குன்னு வந்துச்சு. அடப்பாவி, இவன அழைச்சாந்ததே என் மூக்குத்திதானா!

துப்பாக்கி துள்ளுச்சு. "கஸ்பாரு, என்னய எடு! ரெண்டு பேரச் சாச்சிடுறேன்!"

கஸ்பாரு கை நீண்டுச்சு. கயிறு இழுத்துக் காச்ச கை. துப்பாக்கிய எந்தப் பக்கம் புடிக்கணும்னே அதுக்குத் தெரியாது.

"ரெண்டு பேரச் சாச்சிட்டு?"ன்னா லூர்தம்மா.

"மிச்சம் ரெண்டு பேருதானே!"

"அந்த ரெண்டு பேரு தோணியில இருக்குற என் ஏழு பேரயும் சாச்சிருவானுவளே. அப்புறம் நீ யாருக்குல காவலு?"

துப்பாக்கி கொஞ்சம் யோசிச்சுச்சு. "வெங்காயத்துக்கு"ன்னுச்சு.

லூர்தம்மா குறுக்க வந்த அலையில மூக்க முக்கி, ஒரே உதறு உதறுனா. கயிறு அறுந்துச்சு. காவல்காரன் தொபுக்கடீர்னு தண்ணிக்குள்ள போனான். கஸ்பாரு நீட்டுன கையத் தலைக்கு மேல தூக்கிட்டாரு.

நாலு பேரும் ஏறுனாங்க. பலகையப் பேத்துப் பாத்தாங்க, வெங்காயம். அள்ளிப் போட்டுத் தோண்டுனாங்க, அடியிலயும் வெங்காயம். நசுங்குன நெடியில நாலு பேருக்கும் கண்ணுல தண்ணி. ஆத்திரத்துல ஒருத்தன் கஸ்பாரு கன்னத்துல ஒன்னு வச்சான். இன்னொருத்தன் ரேடியோவப் புடுங்கிக்கிட்டான். வெறுங்கையோட போக வெக்கப்பட்டவன் ஒரு மூட்டையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டான்.

தோணியில ஏழு தலையும் ஏழா இருந்துச்சு.

கெளம்புற நேரம் படகுக்கு மனசு ஆறல. "நல்ல துப்பாக்கியக் கடல்ல போட்டுட்டியே யக்கா. ஒரு கை பாத்திருக்கலாம்ல?"

லூர்தம்மா பாயை விரிச்சுக்கிட்டே சொன்னா: "அதுக்கு ஜெயிச்சாப் போதும் தம்பி. எனக்குக் கரைக்குப் போகணும்ல."