ஐந்து இலை விடு, ஏழு இலை எடு

அன்று காலை அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள்: ரோஜாச் செடிகள் ஆறு, செடி வெட்டும் கத்தரி ஒன்று, பூவாளி ஒன்று, சட்டைப் பையில் மடித்து வைத்த சீட்டு ஒன்று, மனிதர் இருவர். எறும்புகளும் இருந்தன. அவை ஓர் இடத்தில் நிற்காததால் எண்ண முடியவில்லை.

மனிதர் இருவரும் கணவன் மனைவி. தனபாலன், கமலவேணி. மகளின் பிரசவத்துக்காக மாசிக் கடைசியில் புனேவுக்குப் போனவர்கள், தொண்ணூற்றெட்டு நாள் கழித்துத்தான் ஓசூர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்தத் தொண்ணூற்றெட்டு நாளில் மழை பெய்தது இரண்டு முறை. செடிகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. ஈரமாவது நிற்கட்டும் என்று அவர் தேங்காய் நார்த்தூளை அள்ளி எல்லாச் செடியின் அடியிலும் குவித்துவிட்டுப் போயிருந்தார்.

திரும்பி வந்தபோது செடிகள் ஒன்பது. மூன்று, கை பட்டதும் முறிந்தன. மற்ற ஆறின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள் கமலவேணி. உள்ளே நூல் அளவு பச்சை இருந்தது.

"உசிரு இருக்குங்க. கொஞ்சம் உரம் போடலாமா?"

"காய்ச்சல்ல கெடந்தவனுக்கு எழுந்ததும் பிரியாணியா போடுவாங்க? மொதல்ல தண்ணி," என்றார் தனபாலன்.

காய்ந்த கொம்புகளை வெட்டினார்கள். வெயில் ஏறுமுன் செடிக்கு ஒரு பூவாளி, மெதுவாக, மண் குடிக்கக் குடிக்க ஊற்றினார்கள். பதினைந்து நாள். அதுவரை அவர்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

பதினாறாம் நாள்தான் அந்தக் காலை.

ஒவ்வொரு ரோஜாச் செடியும் உண்மையில் இரண்டு பேர். மேலே பூக்கிற ரோஜா. கீழே அதைத் தாங்குகிற காட்டு ரோஜாவின் வேர்; அதிலிருந்து கிளை வந்தால் இலைதான், மேலே உள்ள ரோஜா அதில் பூக்காது. நர்சரியில் இரண்டையும் கீறி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியிருந்தார்கள். அந்த ஒட்டு இப்போது நார்த்தூளுக்குள் புதைந்து கிடந்தது. எந்தக் கிளை ஒட்டுக்கு மேலே வந்தது, எது கீழே வந்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

தண்ணீர் இறங்கியதும் வேர்கள் முந்திக்கொண்டன. காம்புக்கு ஏழு இலையாக, முழ உயரத்துக்குப் பச்சைக் கிளை விட்டன. ரோஜாக்களோ காம்புக்கு ஐந்து இலையாக, விரல் நீளமே வந்திருந்தன. கிழக்கு ஓரச் செடியில் ரோஜாவுக்கு ஒரே ஒரு துளிர்.

"என்ன மகாராணி, எழுந்திருக்க இவ்வளவு நேரமா?" என்று கேட்டது அதன் வேர்.

"தண்ணீரையெல்லாம் உன் கிளைக்கே அனுப்பினால் நான் எதைக் குடித்து எழுந்திருப்பது?"

"நாலு வருஷம் உனக்குத்தான் அனுப்பினேன். நீ பூத்தாய். உன்னைப் படம் எடுத்தார்கள். உன்னைத் தலையில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்கள். என் பக்கம் யாராவது திரும்பினார்களா?"

"இல்லை," என்றது ரோஜா. "நானும் திரும்பவில்லை. தப்புதான்."

வேர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

"சரி, இப்போது என்ன வேண்டும்?"

"பத்து நாள் தண்ணீரைப் பாதியாகப் பங்கு வை. எனக்குள் ஒரு மொட்டு இருக்கிறது. அது வெளியே வந்துவிட்டால், நான் யார் என்று தண்ணீர் ஊற்றுகிறவளுக்குத் தெரிந்துவிடும்."

"தெரிந்த பிறகு என் கிளையை என்ன செய்வார்கள்?"

ரோஜா பொய் சொல்லவில்லை. "வெட்டுவார்கள்."

"நல்ல பேரம்!" என்று சிரித்தது வேர்.

அப்போது கமலவேணி குனிந்து பார்த்தாள். "ஏங்க, இதுல ரெண்டு தினுசா வந்திருக்கே. எதை வச்சுக்கணும்?"

"நர்சரிக்காரர் அன்னைக்கே சொன்னாரு. நான் எழுதி வச்சேன், நீதான் குப்பைன்னு சிரிச்சே." தனபாலன் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். நான்கு வருஷத்துக்கு முந்தைய அவருடைய கையெழுத்து. உரக்கப் படித்தார். "ஐந்து இலை விடு. ஏழு இலை எடு."

"அப்படின்னா?"

"ஏழு இலையை எடுத்துக்கணும். அஞ்சு இலையை விட்டுடணும்."

"விடுன்னா, வெட்டாம விட்டு வைன்னு இருக்குமோ?"

"வெண்டைக்கா பொறுக்கும்போது என்கிட்ட என்ன சொல்லுவே? பிஞ்சா எடுங்க, முத்தலை விடுங்கன்னுதானே? இத்தனை வருஷம் அதுல நான் தப்பு பண்ணியிருக்கேனா?"

"தினமும்தான் பண்றீங்க," என்றாள். ஆனாலும் திரும்பவும் செடியைப் பார்த்தாள். ஏழு இலைக் கிளை மினுமினுவென்று நிமிர்ந்து நின்றது. ஐந்து இலைத் துளிர் செம்பழுப்பாக, கருகினதுபோல் இருந்தது. ரோஜாவின் இளந்துளிர் அந்த நிறத்தில்தான் வரும். அது அவளுக்கு நினைவில் இல்லை.

கத்தரி மெதுவாகச் சீட்டைக் கேட்டது: "நீ சொல்வது எது?"

"என்னை எழுதிய அன்று எனக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. எடு என்றால் வெட்டி எடு. விடு என்றால் வாழ விடு."

"அதைச் சொல்லேன்!"

"எப்படிச் சொல்வேன்? நான் அவருடைய கையெழுத்து. அவர் படிப்பதுதான் என் பேச்சு."

மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கினார்கள். ஐந்து செடிகளில் பத்துத் துளிர்கள் விழுந்தன. ஆறாவதாகக் கிழக்கு ஓரத்துக்கு வந்தார்கள்.

"வேரே! உன் கிளையைக் கொஞ்சம் தொங்கவிடு," என்றது ரோஜா. "ஒரு நிமிஷம் வாடிக் காட்டு, போதும். அவளுக்கு ஏற்கெனவே சந்தேகம். கத்தரியை நிறுத்திவிடுவாள்."

வேரால் அது முடியும். தண்ணீரை ஒரு நிமிஷம் பிடித்து வைத்தால் போதும். பிடிக்கத்தான் நினைத்தது.

கமலவேணி அதன் கிளையைத் தொட்டாள். இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "என் தங்கம்! இத்தனை வெயில்லயும் எப்படி வந்திருக்கு பாருங்க," என்றாள்.

நான்கு வருஷத்தில் முதல் முறை. வேர் இன்னும் கொஞ்சம் தண்ணீரை மேலே அனுப்பியது. கிளை இன்னும் நேராக நின்றது.

கத்தரி ஒரு தரம் மூடித் திறந்தது. துளிர் கீழே விழுந்தது. அதன் நுனியில், கடுகுக்கும் சிறியதாக, மொட்டு இருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஆவணியில் கிளைகள் மதிலைத் தொட்டன. தெருவில் போகிறவர்கள், "அடேயப்பா, செத்த செடியைப் பிழைக்க வச்சுட்டீங்களே!" என்றார்கள். தனபாலனுக்கு அதில் பெருமை. கமலவேணி மட்டும் தினமும் இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

"என்னைத்தான் பார்க்கிறாள்," என்று முதலில் நினைத்தது வேர். அவள் கண் இலையில் நிற்கவில்லை. இலைக்கு நடுவே வேறு யாரையோ தேடியது. யாரை என்று வேருக்குப் புரியப் பன்னிரண்டு நாள் ஆனது.

புரிந்த அன்று அது தண்ணீர் முழுவதையும் ஒட்டின் வழியே மேலே தள்ளிப் பார்த்தது. "பாதி வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்," என்று கூப்பிட்டது. மேலே குடிக்க யாரும் இல்லை. காய்ந்த பட்டைக்குள் ஈரம் சற்று நின்றுவிட்டு இறங்கியது.

கார்த்திகை வரை அவள் தண்ணீர் ஊற்றினாள். ஒரு நாளும் தவறவில்லை.

கார்த்திகைக் கடைசியில் எண்ணியது: செடிகள் ஆறு. கிளைகள் நாற்பத்து மூன்று. ரோஜா, பூஜ்யம்.