வியாழக்கிழமை அறை

"நாலு வாரமா அவளை உங்ககிட்ட அனுப்புறேன், மேடம். இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்கா?"

"ஒண்ணும் சொல்லல, சார்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"அப்ப உள்ள என்னதான் பண்றீங்க?"

"உக்காந்திருக்கோம்."

துரைசிங்கம் சாருக்குச் சுருக்கென்றது. கணக்கு வாத்தியார் அவர். இருபத்தாறு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒழுங்குக் கமிட்டியும் அவர் கையில்தான். ஜெசிந்தாவுக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. மாணவர்களுக்கு மனநல ஆலோசகர் என்று வாரத்துக்கு ஒருநாள், வியாழக்கிழமைகளில் மட்டும் வருகிறாள். பழைய விளையாட்டுச் சாமான் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பு அஸ்விதா போன மாதம் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி, கூடப் படிக்கும் தேவிகாவின் மேல் எறிந்தாள். புருவத்துக்கு மேலே மூன்று தையல்.

ஏன் எறிந்தாய் என்று துரைசிங்கம் தினமும் கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுது என்றார். எழுதவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் கடிதம் வரவேண்டும், இல்லாவிட்டால் டி.சி. என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். டி.சி. தயாராக இருந்தது. துரைசிங்கத்தின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"உக்கார்றதுக்கு ஒரு படிப்பா, மேடம்? அதை நானே செய்வேனே."

"செய்யுங்க, சார். நான் இன்னைக்கு தேவிகாவைப் பாக்கணும். அவளை இன்னும் யாரும் பாக்கல."

"அந்தப் பொண்ணுக்குத்தான் தையல் போட்டாச்சே?"

"ஆமா, சார். தையல் போட்டாச்சு."



ஜெசிந்தா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "அஸ்விதா, இன்னைக்கு எனக்குப் பதிலா சார் உக்காரட்டுமா?"

அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள்.

"கதவு திறந்தே இருக்கட்டும், சார். ஒரே ஒரு விஷயம். நீங்க எதுவும் கேக்கக் கூடாது."

அவள் போய்விட்டாள்.

ஒரு மேசை. இரண்டு நாற்காலிகள். பழைய பந்துத்தோலின் வாடை. அஸ்விதா சுவரைப் பார்த்தாள். அவர் அஸ்விதாவைப் பார்த்தார்.

ஐந்து நிமிஷம்.

ஏன் எறிந்தாய் என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. விழுங்கினார். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினார். கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஒரு பிள்ளையின் எதிரே அவர் உட்கார்ந்ததே இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது.

வெளியே பள்ளிக்கூடம் அவிழ்ந்து ஓடியது. டிபன் மூடிகள் விழுந்தன. குழாயடியில் யாரோ யார் மேலோ தண்ணீர் அடித்தார்கள். ஒரு பிள்ளை அவர் குரலிலேயே, "ஏய், சட்டையை உள்ள விடு!" என்று கத்தியது. கூட்டமே சிரித்தது.

அவர் எழப் போனார். எழவில்லை.

இந்தப் பள்ளிக்கூடம் இவ்வளவு சிரிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் தாழ்வாரத்தில் திரும்பும் முன்பே அது அடங்கிவிடும். அந்த அமைதியைத்தான் இத்தனை வருஷமும் ஒழுங்கு என்று நினைத்திருந்தார்.

ஆபீஸ் உதவியாளர் வாசலில் வந்து நின்றார். "சார், டி.சி.யில கையெழுத்தை இப்பவே போட்டு வைக்கச் சொல்றார் ஹெச்.எம்."

"பொறுங்க."

"எவ்வளவு நேரம்னு சொல்லட்டும், சார்?"

"பொறுங்கன்னு சொல்லுங்க."

உதவியாளர் போனார். மறுபடி இருவர் மட்டும். துரைசிங்கம் சன்னலைப் பார்த்தார். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

"சார்."

திரும்பினார். அஸ்விதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரை அடிச்சீங்க?"

"என்னம்மா?"

"அடிச்சவங்களைத்தானே சார் இந்த ரூம்ல உக்கார வைக்கிறாங்க. நீங்க யாரை அடிச்சீங்க?"

நான் யாரையும் அடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். வேறொன்று வந்தது.

"என் பையனை."

"எப்போ?"

"அவன் பிளஸ் டூ படிக்கிறப்போ. பெல்ட்டால."

"இப்போ எங்க இருக்காங்க?"

"மஸ்கட்ல. பதினோரு வருஷமாச்சு. அவங்கம்மாகிட்ட மட்டும் பேசுவான். போன் வந்தா அவ எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிடுவா. நான் கீழே இருப்பேன்."

வெளியே யாரோ யாரையோ துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

"மன்னிப்புக் கடிதம் எழுதினீங்களா, சார்?"

அவள் குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்லம்மா."

"ஏன், சார்?"

"என்ன எழுதுறதுன்னு தெரியல."

"எனக்கும்தான், சார்."



அவள் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "எங்கம்மா வீட்டை விட்டுப் போனது என்னாலதான்னு தேவிகா சொன்னா. மன்னிச்சுக்கோன்னு எழுதினா, அது உண்மைன்னு ஆயிடும்ல, சார்?"

"ஆகாதும்மா," என்றார். "அடிச்சதுக்கு மட்டும் எழுதலாம். அப்படி ஒண்ணு எழுத முடியும்னு நினைக்கிறேன்."

"நீங்க எழுதிப் பாத்தீங்களா?"

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேசையில் கிடந்த ஜெசிந்தாவின் நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்தார். ஒன்றை அவள் பக்கம் தள்ளினார்.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது வகுப்பு மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. அஸ்விதா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். துரைசிங்கத்தின் தாளில் மகன் பெயரும் ஒரு கமாவும் மட்டும் இருந்தன. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

ஜெசிந்தா வாசலிலேயே நின்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "எதுவும் கேக்கக் கூடாதுன்னு சொன்னேனே, சார்."

"நான் கேக்கல, மேடம்," என்றார் அவர். "அவதான் கேட்டா."