ஒரே வரியில் ஓடிய லாரிச் சரக்கு

"எவனோ ஒருத்தன் ஏசி ரூமுக்குள்ள குந்திக்கிட்டு இந்தக் கம்ப்யூட்டர் புரோகிராம எழுதியிருக்கான் பாரு, அவனுக்கு மூச்சு விடற பழக்கமே கிடையாதா? லாரிச் சரக்கு அத்தனையும் ஒரே வரியில அச்சடிக்குதே! படிக்கப் போறவன் மனுசன்னு அவனுக்கு ஒருத்தருமே சொல்லலையா?"

தன் லாரி பார்சல் ஆபீசில் செங்கோடன் போட்ட சத்தத்தில் பவானி கடைவீதியில் போன சைக்கிள் ஒன்று தானாகப் பிரேக் பிடித்தது. கையில் ஒரு கத்தைத் தாள். கம்ப்யூட்டர் துப்பியது. பிராக்கெட்டுக்குள் பிராக்கெட், அதற்குள் இன்னொரு பிராக்கெட், நடுநடுவே எறும்பு ஊர்ந்தமாதிரி எழுத்து. எது எதற்குள் இருக்கிறதென்று பிரம்மதேவனே வந்தாலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

அந்தப் பிராக்கெட் காட்டுக்குள் எங்கேயோதான் பாவாயியின் கிரைண்டர் பெல்ட் கிடந்தது.

பாவாயி கல்யாணச் சமையல்காரி. விடிந்தால் முகூர்த்தம். மத்தியானமே அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டாயிற்று. பழைய பெல்ட் அறுந்துபோய், புது பெல்ட் கோயமுத்தூரிலிருந்து இன்று காலை லாரியில் வந்து இறங்கியும்விட்டது. ஆனால் எந்த மூட்டையில்? பின்பக்கக் குடோனில் கூரையை முட்டிக்கொண்டு மூட்டைகள் நின்றன. இருட்டுவதற்குள் மாவாட்டாவிட்டால் மாவு பொங்காது. மாப்பிள்ளை வீட்டார் இலையில் இட்லிக்குப் பதில் வெள்ளைக் கல்தான் விழும்.

"ஏனுங்கண்ணா, பெல்ட் இருக்குதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் பாவாயி.

செங்கோடன் மூட்டை தூக்கி முதலாளி ஆனவர். நாற்காலியில் உட்கார மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் பேரம் படியாது என்பது அவருடைய சித்தாந்தம். அன்றன்றைக்கு வந்த மூட்டைகளில் மெத்தென்று இருப்பதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஜன்னலோரம் போடச் சொல்லி, அதன்மேல் ஏறிக்கொள்வார். எதிராளி எவ்வளவு உயரமானாலும் ஒரு முழம் கீழேதான் நிற்பான். லாரிக்காரன் உருப்படிக்கு இவ்வளவு என்று வாடகை கேட்டால், பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சாக்குக்குள் திணித்து, அந்தச் சாக்கை இன்னொரு சாக்குக்குள் இறக்கி, "ஒரே உருப்படிதான்யா!" என்று சாதிப்பதும் அவர்தான். வெளியூரில் சரக்கு ஏற்றும் தன் ஆட்களுக்கும் அதே உத்தரவு.

பாவாயி கோபத்தோடு படியிறங்கினால் நேரே எதிர்த்த பார்சல் ஆபீசுக்குத்தான் போவாள் என்பது அவருக்குத் தெரியும். ஆளை நிறுத்தி வைக்க அவரிடம் இருந்தது ஒரே சரக்கு. அதை அவிழ்த்தார்.

"இருக்குது அம்மிணி, எங்க போயிரும்? இந்தக் கம்ப்யூட்டர் வந்த மொத நாளு நடந்த கூத்து உனக்குத் தெரியாதே! ஓசூர் லாரிக்குள்ள என்ன இருக்குதுன்னு அச்சடின்னேன். ஒரு பிராக்கெட்டத் தொறந்துது பாரு, வரி கிளம்பிருச்சு. தாளு தீந்துது, வரி நிக்கல. மேசை மேல ஓடுச்சு, படியில இறங்குச்சு, கடைவீதியத் தாண்டி காவேரிப் பாலத்துல ஏறி அந்தப் பக்கம் குமாரபாளையம் போயிருச்சு."

"தாளே இல்லாம எது மேலங்க அச்சாச்சு?" என்று கேட்டாள் சுலோச்சனா. கம்ப்யூட்டரில் உட்காருவது அவள்தான். தலையைத் திருப்பவில்லை, எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"ரோட்டு மேல! அங்க சாயப்பட்டறைக்காரன் அந்த வரியக் கொடின்னு நெனச்சு ஈரத்துணியவே காயப்போட்டுட்டான்."

"காஞ்சுதாக்கும்?"

"துணி காஞ்சுது, எழுத்துக்குத்தான் சளி புடிச்சுக்கிச்சு. நீ சும்மா இரு சுலோச்சனா. பாவாயி, கேளு. தொறந்த பிராக்கெட்டு பவானியில. அதை மூடுற பிராக்கெட்டு எங்கன்னு பாக்க மொபெட்ட எடுத்துக்கிட்டு வெரட்டுனேன். சங்ககிரி போறேன், மூடல. சேலம் போறேன், மூடல. தர்மபுரிகிட்ட ஒரு மூடுற பிராக்கெட்டு நிக்குது, கட்டிப் புடிச்சுக்கிட்டேன். பாத்தா அது உள்ள இருக்கற தீப்பெட்டிப் பண்டலோட பிராக்கெட்டாம்! லாரியோடது இன்னும் முன்னாடியாம்!"

பாவாயியின் உதட்டோரம் லேசாக இழுத்தது. செங்கோடன் அதைக் கவனித்துவிட்டார். மூட்டைமேல் நன்றாகச் சப்பணமிட்டுக்கொண்டார்.

"தொறந்த பிராக்கெட்டுக்கும் மூடுன பிராக்கெட்டுக்கும் நடுவுல யாரு நின்னாலும் சரக்குக் கணக்குல சேந்துட்டாங்க. தொப்பூர் மலையில மேஞ்ச ஆடு, ஒரு கல்யாண ஊர்வலம், அதுல நாயனக்காரர், அத்தனையும் என் ஸ்டாக்கு! மாப்பிள்ளைய டெலிவரி எடுக்கப் பொண்ணு வீட்டுக்காரங்க ரசீதோட வந்து நிக்கறாங்க."

"குடுத்தீங்களா?" என்றாள் சுலோச்சனா.

"டேமேஜ் இல்லாமக் குடுத்தேன். மீசையில ஒரு முடி கொறையல."

"அண்ணா, உளுந்து ஊறிக்கிட்டிருக்குது."

"ஊறட்டும், நல்லா ஊறுனாத்தான் இட்லி மெத்துனு வரும். அப்பறம் ஒரு போனு. யாருங்கறே, மேல ராக்கெட்டுல சுத்தறவங்க! ‘ஏனுங்க செங்கோடண்ணா, பூமிக்கு ஒட்டியாணம் போட்டாப்புல ஒரு கோடு தெரியுதே, உங்களோடதுங்களா’ங்கறாங்க."

சுலோச்சனா தட்டுவதை நிறுத்தினாள். "அவங்க கொங்குத் தமிழாங்க பேசுனாங்க?"

"என்ற ஆபீசுக்குப் போன் பண்ணுனா வேற எதுல பேசுவாங்க? அப்பத்தான் எனக்குக் கோவம் வந்துது. மொபெட்ட நிறுத்துனேன். அந்த வரியப் பாத்து ஒரு அதட்டு! ‘லாரி இடதுபக்கம் செவத்தோரமா நில்லு! மூட்டையெல்லாம் அடுத்த வரியில ஒரு அடி உள்ள தள்ளி நில்லு! மூட்டைக்குள்ள இருக்கற பெட்டி இன்னும் ஒரு அடி உள்ள! பொட்டலம் அதுக்கும் உள்ள! எவன் வயித்துக்குள்ள எவன் இருக்கான்னு பாத்தவுடனே தெரியோணும்!’ அவ்வளவுதான். பூமியச் சுத்துன வரி சடசடன்னு ஒடிஞ்சு, பந்திக்கு உக்காந்த மாதிரி வரிசையா வந்து நின்னுக்கிச்சு."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள் பாவாயி.

"எங்க போச்சு? பொட்டலத்துக்குள்ள டப்பா, டப்பாக்குள்ள உறை, உறைக்குள்ள ஊசி. ஒவ்வொண்ணும் ஒரு அடி உள்ள தள்ளித் தள்ளி, அந்த ஊசி பெருந்துறையில ஒருத்தர் தோட்டத்துக்குப் போய் நிக்குது! இந்தப் பக்கம் முழுக்க வெறும் வெத்து எடம். தோட்டக்காரரு வெத்து எடத்துக்கு வாடகை கேக்கறாரு. ‘ஏனய்யா, எழுத்து நிக்கற எடத்துக்குக் கேளு, நிக்காத எடத்துக்கு என்னய்யா வாடகை’ன்னு நான் போட்ட போடுல, அந்த மனுசன் தோட்டத்தையே மடிச்சு என் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு!"

பாவாயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, கோபமா என்று செங்கோடனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொத்திய கையை எடுத்தபோது கோபம்தான் இருந்தது.

"சரிங்கண்ணா. பூமியச் சுத்துன வரியவே அதட்டி ஒடிச்சீங்கல்ல? இந்தத் தாளையும் ஒரு அதட்டு அதட்டுங்க. என்ற பெல்ட் வெளிய வரட்டும். வரலைன்னா நான் எதிர்த்த ஆபீசுக்குப் போறேன். இனிமே என்ற சட்டி, கரண்டி, அண்டா எல்லாம் அங்கதான் வந்து இறங்கும்."

செங்கோடன் தாளைப் பார்த்து ஒருமுறை கனைத்தார். "இன்னைக்குக் கொஞ்சம் தொண்டக்கட்டு…"

"நீங்க அதட்ட வேண்டாமுங்க" என்றாள் சுலோச்சனா. "இதுலயே உள்தள்ளி அச்சடிக்க ஒரு பட்டன் இருக்குது. இத்தன நாளா ஒரு மூலையில ஒளிஞ்சிருந்திருக்குது." தட்டினாள். பிரிண்டர் முனகியது. ஒரே ஒரு தாள், சாதுவாக வெளியே வந்தது. சுலோச்சனா அதை உரக்கப் படித்தாள்.

கோயமுத்தூர் லாரி
　　பெரிய சாக்கு (இறக்கிய இடம்: முன்னறை, ஜன்னலோரம்)
　　　　சின்னச் சாக்கு
　　　　　　பஞ்சு மூட்டை
　　　　　　அட்டைப்பெட்டி
　　　　　　　　பொட்டலம்: கிரைண்டர் பெல்ட், பாவாயி, பவானி

மூன்று பேரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். செங்கோடன் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னலோரம் இருந்தது ஒரே ஒரு மூட்டை. மெத்தென்று, நடுவில் ஆள் உட்கார்ந்த பள்ளத்தோடு.

"பாத்தியா பாவாயி!" என்றார் அவர், குரல் கொஞ்சமும் இறங்காமல். "பத்திரமா நானே காவல் காத்துக்கிட்டிருக்கேன்! எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரே வரியா எழுதி வெச்சானே, அவன…"

"அவன் கெடக்கறானுங்கண்ணா" என்றாள் பாவாயி. "பொட்டலத்தப் பெட்டிக்குள்ள வெச்சு, பெட்டியச் சாக்குக்குள்ள வெச்சு, அந்தச் சாக்க இன்னொரு சாக்குல போட்டு, அதுக்கு மேல எவனோ ஒருத்தன் குந்திக்கிட்டு ராக்கெட்டுக்கெல்லாம் போன் பேசிக்கிட்டிருக்கான் பாருங்க, மொதல்ல அவன எந்திரிக்கச் சொல்லுங்க. நான் மாவாட்டோணும்."